உராய்வு – 17: சறுக்கத் தெரிந்தவர்களின் ஆபத்து

சென்ற வாரம் ஏபிஎஸ் பிரேக்கோடு நிறுத்தினோம். உருளும் சக்கரம்தான் வண்டியைத் திருப்பும், பூட்டிக்கொண்ட சக்கரம் திருப்பாது. இவ்வளவு நினைவிருந்தால் போதும், மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

உறைபனிச் சாலையில் கார் சறுக்கினால் மீட்பது எப்படி என்று இந்த வாரம் படிப்படியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்கப் போன இடத்தில் நார்வே நாட்டு ஆய்வு ஒன்று மாட்டியது. அதைச் சொல்லாமல் என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியாது.

நார்வேயில் ஆண்டின் பாதியைப் பனி எடுத்துக்கொள்ளும் ஊர்கள் உண்டு. அங்கே புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் மேலும் இரண்டு பயிற்சிகளுக்கு வந்தே ஆக வேண்டும் என்று 1979இல் விதி கொண்டுவந்தார்கள். ஒன்று, இருட்டில் ஓட்டும் பயிற்சி. மற்றொன்று, வழுக்குத் தளத்தில் ஓட்டும் பயிற்சி. இரண்டுமே நல்ல யோசனைகளாகத்தான் தெரிகின்றன. பனியில் சறுக்கிச் சாகிறார்கள், ஆகவே சறுக்கலைச் சமாளிக்கக் கற்றுக்கொடு. இதில் யார் குறை காண முடியும்?

1988இல் ஓஸ்லோவில் உள்ள போக்குவரத்துப் பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துப் பார்த்தது. ஆய்வாளர் பெயர் கிளாட். இருட்டுப் பயிற்சி பலன் தந்திருந்தது. வழுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த இளம் ஆண்களோ விபத்தில் சிக்குவது குறையவில்லை, கூடியிருந்தது. சறுக்கலைச் சமாளிக்க அரசாங்கமே கற்றுக்கொடுத்தது, கற்றவர்கள் முன்பைவிட அதிகமாகப் போய் மோதினார்கள்!

இந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர், போனில் பேசியவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். சைக்கிள் மட்டுமே ஓட்டும் நண்பர் ஒருவர், "இதுக்குப் பேர்தான்டா அரைகுறை" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அரைகுறையாகக் கற்றதுதான் கோளாறு என்றால் முழுதாகக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிட வேண்டும். விஷயம் அப்படி இல்லை என்று காட்டியவர் ஸ்வீடன்காரர், கிரெகெர்சன் என்ற ஆய்வாளர்.

1996இல் வெளிவந்த அவருடைய சோதனை சிறியது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த 53 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். நெருக்கடியில் பிரேக் போடுவதையும், தடையைச் சுற்றி விலகுவதையும் முதல் குழுவுக்கு நன்றாகப் பழக்கினார்கள். இரண்டாவது குழுவுக்கும் அதே வேலைதான், ஆனால் நோக்கம் வேறு: "உன் கைத்திறமை ஒருதரம் கைகொடுக்கும், மறுதரம் காலை வாரும், நம்பாதே" என்று அவர்களுக்கே உறைக்க வைப்பது. பிறகு இரு குழுவையும் சோதித்தார்கள். முதல் குழு தன் திறமைக்கு அதிக மதிப்பெண் போட்டுக்கொண்டது. உண்மையான திறமையிலோ இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. பயிற்சியில் வளர்ந்தது கை அல்ல, நினைப்பு.

யோசித்தால் காரணம் புரிகிறது. பயிற்சித் தளத்தில் வழுக்கல் எங்கே தொடங்குகிறது என்று முன்பே தெரியும். எதிரே லாரி வராது, ஓரத்தில் மரம் கிடையாது. சுற்றிச் சுழன்றாலும் சிரித்துக்கொண்டே மறுபடி வரிசையில் போய் நிற்கலாம். அங்கே பழகிய கை, அடுத்த மாதமே மறந்துபோகும். "நான் பழகியவன்" என்ற நினைப்பு மட்டும் மறக்காது. அந்த நினைப்பு ஆக்ஸிலரேட்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பொதுவாக இது ஆண்களுக்கு வருகிற வியாதி என்பதையும், வருத்தத்தோடு, சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொடரின் கதாநாயகனான உராய்வு இதில் எங்கே வருகிறான்? இதோ. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.8. இறுகிய பனியில் 0.2, 0.3. கண்ணாடியாக உறைந்த சாலையில் 0.1. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் மிதித்த பிறகு தார்ச்சாலையில் 12 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். கண்ணாடிப் பனியில் அதற்கு 98 மீட்டர் வேண்டும். வேகத்தை 40ஆகக் குறைத்துக்கொண்டால் 63 மீட்டர் போதும். பத்து கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்தால் முப்பத்தைந்து மீட்டர் கிடைக்கிறது. உலகத்தில் எந்த ராலி சாம்பியனும் ஸ்டியரிங்கைச் சுழற்றி இந்த முப்பத்தைந்து மீட்டரைச் சம்பாதித்துத் தர முடியாது.

இன்னொரு தகவலும் உண்டு. கடுங்குளிரைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர்தான் மோசம். மைனஸ் 20இல் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாகப் பிடி கொடுக்கும். பூஜ்ஜியத்தில் மேலே நீர்ப்படலம் கசிந்து, 0.1 கூடக் கிடைக்காது. வெயில் எட்டிப் பார்த்ததும் உற்சாகமாகிற ஓட்டுநர்தான் அங்கே முதலில் பள்ளத்தில் இறங்குகிறார்.

நார்வே வழுக்குத் தளத்தை மூடிவிடவில்லை. இன்றும் அங்கே லைசென்ஸ் வேண்டுமானால் அந்தப் பயிற்சி கட்டாயம். குடியேறிய ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் வழவழப்பான தளத்தில் தண்ணீர் பாய்ச்சி உண்டாக்கிய அந்தச் செயற்கைப் பனியைத் தாண்டித்தான் வருகிறார்கள். பாடத்தின் திசைதான் மாறிவிட்டது. வண்டியை மீட்கும் வித்தைக்கு இப்போது முதலிடம் இல்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் என்ன நடக்கிறது என்று ஓட்டுபவரே பார்க்க வேண்டும். ஸ்வீடனும் 1999இல் இதே வழிக்கு வந்தது. என் கட்சி இதுதான்: தோற்றுப்போவதற்காகச் சறுக்கிப் பழகுவதில் பலன் இருக்கிறது, ஜெயிப்பதற்காகப் பழகுவதில் இல்லை.

சரி, கொடுத்த வாக்குக்காக வித்தையையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே போனால், முன்சக்கரங்கள் பிடியை விட்டுவிட்டன என்று அர்த்தம். கை இன்னும் அதிகமாக ஒடிக்கத் துடிக்கும். ஒடிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால்தான் சக்கரம் மறுபடி உருண்டு பிடிக்கும். வண்டியின் பின்பக்கம் விலகிச் சுழன்றால், எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் வழிக்கு வரத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் வண்டி எதிர்த்திசையில் இன்னும் வேகமாக வீசும், பலர் கவிழ்வது இந்த இரண்டாவது வீச்சில்தான். இவ்வளவையும் படிக்க ஆகும் நேரத்தில் ஒரு கார் இருபது முறை பள்ளத்தில் விழுந்திருக்கும் என்பதுதான் சிக்கல்.

பள்ளம் என்றதும் ஒரு ஜெர்மன்காரர் நினைவு வருகிறது. 1989, ஸ்வீடன் குளிர்காலம். மெர்சிடிஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன் சோதனை ஓட்டத்தின்போது சறுக்கி, சாலையோரப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தார். இழுவை வண்டி வரும்வரை வேறு வேலை இல்லாததால் யோசித்தார். ஒவ்வொரு சக்கரமும் என்ன செய்கிறது என்று ஏபிஎஸ்ஸுக்குத் தெரியும். கார் தன்னைத்தானே எவ்வளவு சுழற்றிக்கொள்கிறது என்பதையும் அளந்துவிட்டால், வேண்டிய ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கலாமே? அளக்க ஜைரோஸ்கோப் வேண்டும். அவருடைய குழு முதலில் ஒரு பொம்மை ஹெலிகாப்டரை வாங்கி, அதிலிருந்ததைக் கழற்றிப் பொருத்திப் பார்த்தது. யோசனை சரிதான், பொம்மைக்குத்தான் வேகம் போதவில்லை. பிறகு ஸ்கட் ஏவுகணையின் ஜைரோஸ்கோப்புக்குப் போனார்கள்! மெர்சிடிஸும் பாஷ் நிறுவனமும் சேர்ந்து 1995இல் இஎஸ்பி என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1997இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, திடீரென்று குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்ப்பது போல வளைத்து ஓட்டிப் பார்த்ததில் மெர்சிடிஸின் புது ஏ கிளாஸ் கார் குடைசாய்ந்தது. அந்த அவமானத்தில் நிறுவனம் அந்தச் சிறிய காருக்கும் இஎஸ்பியைக் கட்டாயமாகப் பொருத்தியது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் அது இருந்தாக வேண்டும்.

நமக்கு இருப்பது ஒற்றை பிரேக் பெடல். எத்தனை வருடம் பழகினாலும் நான்கில் ஒரு சக்கரத்தை மட்டும் தேர்ந்து நம்மால் பிரேக் பிடிக்க முடியாது. இந்த இடத்தில் இயந்திரம் ஜெயித்துவிட்டது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த 98 மீட்டரை அதுவும் குறைத்துத் தராது.

முள் பதித்த டயர்களைப் பற்றியும் இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். முள் டயரோடு அடுத்த வாரம் எஸ்தோனியா போகிறோம். அங்கே கடல் நன்றாக உறையும் குளிர்காலத்தில், பெருநிலத்துக்கும் ஹியூமா தீவுக்கும் இடையே சுமார் 26 கிலோமீட்டருக்குக் கடல்மேலேயே சாலை திறப்பார்கள். அதில் 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகலாம், 40க்கு மேலே போகலாம், இடைப்பட்ட வேகத்தில் போகக் கூடாது. சீட் பெல்ட்டும் போடக் கூடாது. இரண்டுக்கும் காரணம் என்ன என்று ஊகிக்கிறவர்கள் புதன்கிழமைக்குள் எழுதுங்கள்.