எலும்பு கூடும் காலம்

முறிந்த எலும்பை வைத்தியர் கூட்டி வைத்தார் என்று சொல்வது வழக்கம். ஆனால், விலகிய முனைகளை நேருக்கு நேர் நிறுத்தி, அவை அசையாதபடி கட்டுப் போடுவதோடு அவருடைய காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட வேலை முழுவதையும் எலும்பே காலக்கிரமத்தில் செய்துகொள்கிறது. ஹாலந்து தேசத்து ராணுவ வைத்தியர் மதைசன் 1852-ல் அறிமுகப்படுத்திய மாவுக்கட்டின் உபயோகமும் இந்த அசையாமையைத் தருவதுதான்.

முறிந்த சில மணி நேரத்துக்குள், அறுந்த ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த உதிரம் இரு முனைகளுக்கும் இடையே உறைந்து நிற்கிறது. வீக்கத்தைக் கண்டு நோயாளி கலங்கினாலும், சிதைந்தவற்றை அப்புறப்படுத்திப் புதியவற்றை உண்டாக்கும் அணுக்கள் அங்கே வந்து கூடிவிட்டதற்கு அதுவே அடையாளம். இரண்டு மூன்று வாரங்களில் அவ்விடத்தில் நாரும் குருத்தெலும்புமாக இளகிய பிணைப்பொன்று உருவாகிறது. எக்ஸ்ரே படத்தில் அது தெளிவாகத் தெரியாதாகையால், முறிவுக் கோடு இன்னும் மறையவில்லையே என்று அப்போது மனம் சோர்வது அநாவசியம். பிறகு சுண்ணாம்புச் சத்து படியப் படிய அந்தப் பிணைப்பு இறுகி, முறிந்த இடத்தைச் சுற்றிப் புடைத்த எலும்பாகிறது. பச்சைக் குழந்தையின் தொடையெலும்பு சுமார் 3 வாரங்களில் கூடிவிடும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு கூட ஏறக்குறைய 6 வாரங்களும், தொடையெலும்பு கூட 3 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும்.

கட்டை அவிழ்த்த பின்னும் வேலை ஓய்வதில்லை. ஒருவகை அணுக்கள் வேண்டாத புடைப்பைக் கரைக்க, மற்றொரு வகை அணுக்கள் பாரம் தாங்கவேண்டிய இடத்தில் எலும்பைச் சேர்க்க, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், அந்த எலும்பு தன் பூர்வ உருவத்தை நாடிச் செல்கிறது. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறதென்று ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-ல் விளக்கினார். ஆகவேதான், உரிய காலம் வந்ததும் மெல்ல நடக்கச் சொல்வதும் சிகிச்சையின் ஓர் அங்கமாகிறது. தோலில் பட்ட காயம் தழும்பை விட்டுப் போகிறது. செம்மையாகக் கூடிய எலும்போ தழும்பின்றி மீண்டும் எலும்பாகவே ஆகிவிடுகிறது.

புகைபிடிக்கும் பழக்கமும், கட்டுக்கடங்காத நீரிழிவும், புரதச் சத்துக் குறைவும் இந்தக் காரியத்தைத் தாமதப்படுத்துகின்றன. கட்டுப் போட்டபின் விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்கமுடியாதபடி ஏறினாலோ, பொழுது விடியட்டும் என்றிராமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் சில மணி நேரத்திலேயே அவயவம் பழுதாகிவிடும்.