பின்னங்கால்கள் செயலிழந்த நாயின் பராமரிப்பு

வாகன நெரிசல் மிகுந்த நகரங்களில் நாய்கள் சாலையில் அடிபடுவது அன்றாட நிகழ்ச்சி. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில், முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் நாயைக் காண்பது அரிதன்று. அதனைக் காண்போருள் சிலர், கொன்றுவிடுவதே கருணை என்பர். வேறு சிலர், நாளடைவில் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவர். இரண்டும் அவசர முடிவுகளே. கால்கள் செயலிழந்தமையால் மட்டும் நாய் இறந்துவிடுவதில்லை. மூத்திரப்பையையும் தோலையும் பேணத் தவறுவதே அதன் உயிருக்கு உலை வைக்கிறது. இவ்விரண்டையும் பேணுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. விவரமறிந்த கைகளும் தவறாத நேர ஒழுங்குமே வேண்டும்.

தண்டுவடமும் அதன் சேதமும்

நாயின் முதுகெலும்புத் தொடரில் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. இவற்றின் நடுவேயுள்ள குழாய் போன்ற வழியில் தண்டுவடம் செல்கிறது. மூளையின் கட்டளைகளைக் கால்களுக்குக் கொண்டு செல்வதும், கால்களின் உணர்ச்சிகளை மூளைக்கு எடுத்துச் செல்வதும் இதுவே. முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன.

வாகனம் மோதும்போது முள்ளெலும்பு முறிந்தோ இடம் பெயர்ந்தோ தண்டுவடத்தை நசுக்கலாம். டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் உடைய இனங்களில், அடி எதுவும் படாமலேயே வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதுண்டு. மார்பும் இடுப்பும் சேருமிடத்தருகே இவ்வாறு நேரின், முன்னங்கால்கள் நன்றாயிருக்கப் பின்னங்கால்கள் மட்டும் செயலிழக்கின்றன. அப்போது அக்கால்கள் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். சேதம் இடுப்பின் கீழ்ப்பகுதியில் இருப்பின் அவை துவண்டு தொங்கும்.

உதைப்பது வேறு, உணர்வது வேறு

செயலிழந்த காலின் விரலைக் கிள்ளினால் நாய் காலை மடக்கி இழுத்துக்கொள்வதுண்டு. இதனைக் கண்டு, உணர்ச்சி திரும்பிவிட்டது என்று வளர்ப்போர் மகிழ்வர். ஆனால் இது தண்டுவடம் மூளையைக் கேளாமலே செய்யும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இதனைத் தெளிவாக்கினார். மூளையுடன் தொடர்பு அறுபட்ட தண்டுவடமுள்ள நாயின் விலாப்புறத்தைத் தீண்டினாலும், பின்னங்கால் முறையாகச் சொறியும் அசைவைச் செய்வதை அவர் ஆராய்ந்து விளக்கினார். நரம்பணுக்களின் செயல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆகவே கால்நடை மருத்துவர் சோதிப்பது காலின் இழுப்பை மட்டுமன்று. விரல் எலும்பை இடுக்கியால் அழுத்தும்போது நாய் தலையைத் திருப்புகிறதா, முனகுகிறதா, கடிக்க முயல்கிறதா என்பதையே அவர் உற்று நோக்குகிறார். இவை மூளை வலியை அறிந்ததற்கான அடையாளங்கள். வட்டு பிதுங்கியதால் நேர்ந்த நோயில் இவ்வாழ்ந்த உணர்ச்சி எஞ்சியிருப்பின், தக்க சிகிச்சையால் பெரும்பாலான நாய்கள் மீண்டும் நடக்கின்றன. உணர்ச்சி அற்றுவிட்டால், விரைந்து அறுவைச் சிகிச்சை செய்தாலும் ஏறக்குறையப் பாதி நாய்களே நடை பெறுகின்றன. முள்ளெலும்பு முறிந்து உணர்ச்சியும் அற்றுப்போன நாய் நடக்கும் என்னும் நம்பிக்கை மிகக் குறைவு.

வெறிநோய் பற்றிய எச்சரிக்கை

அடிபட்டதை எவரும் காணாத நாய் திடீரெனப் பின்னங்கால் துவண்டு கிடந்தால், முதலில் ஐயுற வேண்டியது வெறிநோயை. இந்நோய் எப்போதும் சீற்றமாகவே வெளிப்படும் என்பது தவறு. அமைதியாகக் கிடந்து, கால்களும் தாடையும் தொண்டையும் செயலிழந்து மாளும் வகையும் அதில் உண்டு. தாடை தொங்குதல், எச்சில் வடிதல், விழுங்க இயலாமை, குரல் மாறுதல் ஆகியவை தோன்றினால், தொண்டையில் எலும்பு சிக்கியது என எண்ணி வாயினுள் கைவிடலாகாது. அத்தகைய நாயைத் தொடாமல் தனிப்படுத்தி, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வலியால் துடிக்கும் நாய், தன்னை வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். கடி பட்டாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீருங்கொண்டு 15 நிமிடம் கழுவித் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல்

அடிபட்ட நாயை இரு கைகளாலும் வளைத்துத் தூக்குவது, முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் அறுக்கச் செய்யும். அதனை ஒரு பலகையின்மீது மெல்ல நகர்த்திக் கிடத்தி, உடல் புரளாதபடி துணியால் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். மனிதர் உண்ணும் வலிமாத்திரைகளைக் கொடுக்கலாகாது. பாரசிட்டமால், ஐபுபுரூபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகக் கூடும்.

மும்பையின் பரேல் பகுதியிலுள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் பிராணிகள் மருத்துவமனை நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886இல் அம்மருத்துவமனையின் வளாகத்திலேயே தொடங்கப்பெற்றது. செம்பூரிலிருந்து அங்குச் செல்வோர், ஆட்டோக்கள் சயானுக்குத் தெற்கே செல்ல அனுமதிக்கப்படுவதில்லை என்பதை நினைவிற் கொண்டு, தொடக்கத்திலேயே டாக்சி அமர்த்துவது நன்று. வழியில் நாயை வேறு வண்டிக்கு மாற்றுவது முதுகுக்கு மேலும் ஊறு செய்யும்.

மூத்திரப்பையைப் பேணுதல்

தண்டுவடம் சேதமுற்ற நாய்க்கு மூத்திரப்பை நிறைந்ததை உணரும் ஆற்றலும், அதனைக் காலி செய்யும் ஆற்றலும் பெரும்பாலும் குன்றிவிடுகின்றன. இங்குப் பலரும் ஏமாறும் ஓர் அடையாளம் உண்டு. படுக்கை நனைந்திருப்பதைக் கண்டு, நாய் தானே சிறுநீர் கழிக்கிறது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது, நிரம்பிய குடத்திலிருந்து வழியும் நீரை ஒத்தது. உள்ளே பை விம்மிப் புடைத்தே இருக்கும். நெடுநேரம் அவ்வாறு விரிந்து நின்றால் பையின் தசை வலுவிழக்கும்; தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகிச் சிறுநீரகங்களையும் தாக்கும்.

ஆகவே 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை பையைக் கையால் அழுத்திக் காலி செய்தல் அவசியம். நாயை நிற்கவைத்துத் தாங்கிக்கொண்டோ, பக்கவாட்டில் கிடத்தியோ, தொடைகளுக்குச் சற்று முன்னே வயிற்றின் இருபுறமும் உள்ளங்கைகளைத் தட்டையாக வைத்தால், நீர் நிறைந்த பந்து போன்ற பை கைக்குத் தட்டுப்படும். அதனைத் திடீரெனப் பிசையாமல், சீராக, வாலை நோக்கி அழுத்தி, நீர் நிற்கும் வரை அழுத்தத்தைத் தளர்த்தாதிருத்தல் வேண்டும். இதனை முதலில் கால்நடை மருத்துவரின் முன்னிலையில் பழகிக்கொள்வதே முறை. எளிதில் நீர் வெளிவராவிடின், வலிந்து அழுத்தலாகாது. பையின் வாயைத் தளர்த்தும் மருந்துகள் உள்ளன.

சிறுநீர் கலங்கியோ, துர்நாற்றம் வீசியோ, இரத்தங் கலந்தோ காணப்படின் அது கிருமித் தொற்றின் அறிகுறி. வேலை மிகுமென்றஞ்சி நாய்க்குக் குடிநீரைக் குறைப்பது பெருந்தவறு.

இப்பணியின்போது கையுறை அணிவது மும்பையில் மிக அவசியம். எலிகளாலும் நாய்களாலும் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, நோயுற்ற பிராணியின் சிறுநீரில் வெளிவந்து, ஈரத்தில் உயிர்த்து, மனிதரின் தோற்புண் வழியே உட்புகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கிய பின்னர், இந்நோய் மும்பையில் பரவியது. நாய்க்கு இதற்கெதிரான தடுப்பூசி உண்டு.

தோலைப் பேணுதல்

ஒரே பக்கமாகக் கிடக்கும் நாயின் இடுப்பு, முழங்கால், குதிகால் ஆகிய எலும்பு மேடுகளில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. 4 மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். நனைந்த கோணிச் சாக்கு படுக்கையாகாது. தடித்த ரப்பர் மெத்தையை ரெக்சின் உறையிட்டு மூடி, அதன்மேல் பழைய பருத்தித் துணி விரித்து, நனையுந்தோறும் துணியை மட்டும் மாற்றலாம். தாராவியின் ஒற்றை அறைக் குடியிருப்புகளிலும் இதற்கு இடம் போதும். பின்புற மயிரைக் கத்தரித்து, சிறுநீர் பட்ட தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் புண்ணில் ஈ இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுவாகும். உணர்ச்சியற்ற பகுதியாதலின் நாய் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே நாள்தோறும் காலையும் மாலையும் கண்ணால் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

பயிற்சியும் சக்கர வண்டியும்

மருத்துவர் இசைவு தந்த பின்னர், ஒவ்வொரு காலையும் மிதிவண்டி மிதிப்பதைப் போன்று 10 அல்லது 15 முறை மெல்ல மடக்கி நீட்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை பயிற்றுவித்தால் மூட்டுகள் இறுகா. வட்டு பிதுங்கி மருந்தினால் மட்டும் சிகிச்சை பெறும் நாய்க்கோ, முதல் 4 வாரங்கள் வரை கடும் ஓய்வே மருந்து.

புண் ஆறி, முதுகு உறுதிப்பட்ட நாய்க்குச் சக்கர வண்டி பொருத்தலாம். பிளாஸ்டிக் குழாய், இரு சிறு சக்கரங்கள், இடுப்பைத் தாங்கும் வார் ஆகியவற்றைக் கொண்டே இதனைச் செய்துவிடலாம். வார் தைப்பதற்குத் தாராவியின் தோற்பட்டறைகளில் கைதேர்ந்தோர் பலர் உளர். நாயின் இடுப்புயரத்தைச் சரியாக அளந்து, பாரம் முன்னங்கால்களில் மிகாதவாறு அமைக்க வேண்டும். முதலில் 10 நிமிடமே பூட்டி, படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். வண்டியிலேயே நாயை விட்டுவைத்தல் கூடாது. நாயின் எடை கூடாதபடி உணவை அளந்து இடுவதும் வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தண்டுவடம் சேதமுற்ற 34 வளர்ப்பு நாய்கள் பங்குபெற்றன. அவற்றுள் 23 நாய்களுக்கு, அவற்றின் மூக்கினுள்ளிருந்தே எடுத்து வளர்த்த ஒருவகை அணுக்கள் சேதமுற்ற இடத்தில் செலுத்தப்பட்டன. அவற்றிற் பல, முன்னங்கால்களோடு இசைந்து பின்னங்கால்களை அசைக்கும் ஆற்றலைப் பெற்றன. எனினும் தண்டுவடத்துள் குறுகிய தொலைவில்தான் புதுத் தொடர்பு உண்டாயிற்று. மூளையோடு நெடுந்தொடர்பு மீளவில்லை. எனவே மூத்திரப்பையைக் காலி செய்யும் கையின் பணி இன்னும் நீங்கிவிடவில்லை.

முடிவு செய்தல்

நோயைக் காரணங் காட்டி நாயைத் தெருவில் விட்டுப் பட்டினியும் தாகமும் படச் செய்வது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். நோவின்றி உயிர் நீக்குவதும் சில வேளைகளில் கருணையே. தீராத வலி, ஆறாத ஆழ்ந்த புண், மீண்டும் மீண்டும் வரும் சிறுநீரகத் தொற்று ஆகியவை இருப்பின், தகுதி பெற்ற கால்நடை மருத்துவரே அதனைத் தீர்மானித்துச் செய்தல் வேண்டும். வலியின்றி, பசித்து உண்டு, அழைத்தால் தலை நிமிர்த்தி நோக்கும் நாய்க்கு, நடக்க இயலாமை ஒன்றே மரண தண்டனைக்குக் காரணமாகாது. அதனை ஏற்பவர், நாளுக்கு நான்கு முறை கைகொடுக்கத் தம்மால் இயலுமா என்பதை முதலிலேயே எண்ணித் துணிதல் வேண்டும். இல்லத்தார் இருவர் மூவர் இப்பணியைப் பழகிப் பகிர்ந்துகொண்டால், பாரம் ஒருவர்மீதே விழாது. நாயின் மூத்திரப்பையும் ஒரு நாளும் கவனிப்பாரற்று நிறைந்து நில்லாது.