கட்டிடத் தொழிலில் ஒரு பெண்மணி

கட்டிடம் எழும் இடத்தில் மணற்கூடை சுமக்கும் பெண்ணை எவரும் வியந்து நோக்குவதில்லை. வரைபடத்தைக் கையிலேந்தி, “இச்சுவரின் அளவு பிழை, இடித்துக் கட்டுங்கள்” என்று மேசனுக்குச் சொல்லும் பெண்ணையே மக்கள் வியப்போடும் ஐயத்தோடும் நோக்குகின்றனர். அந்த ஐயத்தை இலங்கையில் முதன்முதல் எதிர்கொண்டவர், 1918 இல் கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார்.

இவருடைய தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பேர்பெற்ற அரசியல்வாதி. தாயார் அக்னெஸ், 1931 இல் நம் நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமைக்காக உழைத்தவர். அத்தகைய இல்லத்திலுங்கூட, மகள் கட்டிடக் கலை பயில விரும்பியபோது இசைவு எளிதிற் கிடைக்கவில்லை. அக்கலையைப் போதிக்கும் கல்லூரியும் அன்று இலங்கையில் இருக்கவில்லை. பம்பாய்க்குச் சென்றார். அங்கே, காந்தியடிகளின் விடுதலையை வேண்டிய ஊர்வலத்திற் கலந்துகொண்டு, அதற்காக மன்னிப்பு எழுதிக்கொடுக்க மறுத்தமையால் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் பெங்களூரில் ஓட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்னும் ஜேர்மானியக் கட்டிடக் கலைஞரின் கீழ்ப் பணியாற்றி, லண்டனிற் படிப்பை நிறைவு செய்தார். 1948 இல், பிரித்தானிய அரச கட்டிடக் கலைஞர் கழகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி என்னும் சிறப்பு அவரை வந்தடைந்தது.

சிறப்பு வேறு, வேலை வேறு. கட்டிடக் கலைஞர் வரைந்த கோடு சுவராக வேண்டுமாயின், வீட்டுக்காரர் பணத்தை நம்பி ஒப்படைக்கவேண்டும். கொந்தராத்துக்காரர் அளவை ஏற்கவேண்டும். மேசனும் தச்சனும் சொற்கேட்கவேண்டும். பழக்கப்பட்ட பெரிய நிறுவனமொன்றிற் சேர்ந்தவருக்கு இந்நம்பிக்கை அந்நிறுவனத்தின் பெயராலேயே கிடைத்துவிடும். அம்மையாரோ, ஆண் பங்காளி எவருமின்றி, கண்டியிலுள்ள பெற்றோர் வீட்டிலேயே தனித்துத் தொழிலைத் தொடங்கினார். முதல் வேலையும் பெற்றோரின் நண்பராகிய கருணாரத்ன குடும்பத்தாரிடமிருந்தே வந்தது.

1951 இல் முடிவுற்ற அந்த வீட்டைச் சற்று நின்று பார்த்தல் தகும். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காது, சரிவுக்கேற்ப வீட்டின் தளங்களைப் படிப்படியாக அமைத்தார். கண்ணாடிக் கற்களும் கொங்கிறீற்றும் ஒருபுறமிருக்க, கதவுகளிலே தும்பறை நெசவாளரின் பாய்ப்பின்னலைப் பதித்தார். வரவேற்பறைச் சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் இடம்பெற்றது. அரக்கு வேலை செய்வோரையும் மண்பாண்டம் வனைவோரையும் அவர் தம் கட்டிடங்களிலே பங்காளராக்கினார். பிற்காலத்தில் அவர் வரைந்த வீடுகளில் நடுமுற்றமும் விறாந்தையும் சிறப்பிடம் பெற்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தோருக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. மேனாட்டுப் புதுமையையும் உள்ளூர் மரபையும் ஒருங்கிணைத்த இம்முறைக்குப் பெரும்புகழ் ஈட்டிய ஜெப்ரி பாவா அவர்கள் கட்டிடக் கலைஞராகத் தகைமை பெற்றது 1957 இல் என்பதையும் இங்கு குறிப்பிடுதல் நியாயமே.

கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்கென ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட குடியிருப்பை 1950 களின் பிற்பகுதியில் அமைத்தபோது, அவர் செய்த காரியம் அக்காலத்துக்குப் புதிது. குடியேறப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, குடும்பம் எத்தகையது, எத்தனை பேர், எவ்வாறு வாழ்கின்றனர், எவ்வளவு செலவிட இயலும் என்று கேட்டறிந்தார். அதற்கேற்பப் பலவகை வீடுகளை வகுத்தார். அடுப்படி எப்படி இருக்கவேண்டும் என்று அதிற் சமைப்பவரையே கேட்பது பெரிய சாத்திரமன்று. ஆயினும் கேட்டவர் அரிது.

இத்தனை செய்தும், பெண் என்பதனால் தம் தொழில் உரிய மதிப்பைப் பெறவில்லை என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. அது வீண்குறையன்று. நாளடைவில் வேலைகள் அருகின. 1970 களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் கற்பித்துவிட்டு மீண்டு, கண்டியிற் கலை நிலையமொன்றை அமைத்தார். இலங்கைக் கட்டிடக் கலைஞர் நிறுவனம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது 1996 இல். 1998 இல் அம்மையார் காலமானார். அதற்குள் அவர் எழுப்பிய கட்டிடங்கள் சில இடிக்கப்பட்டும், சில உருமாறியும் போயிருந்தன. அவ்வாண்டில் வெளியான தன்வரலாற்று நூலிலே, அவற்றின் படங்களையும் வரைபடங்களையும் அவர் தம் கையாலேயே தொகுத்து வைத்திருக்கிறார்.