விலைக்குப் பின்னால் – 11: பழைய போனும் சந்தேகத்தின் விலையும்

தங்கத்தின் விலையைச் சென்ற வாரம் பார்த்தோம். திருச்சி பெரியகடை வீதியில் ஒரு சங்கிலியை யார் கொண்டுவந்து நீட்டினாலும் உரைகல்லும் தராசும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள சிங்காரத்தோப்பில் பழைய செல்போனை உரைத்துப் பார்க்க அப்படி ஒரு கல் இல்லை. ஒரே மாடல், ஒரே மாதத்தில் வாங்கியவை, கீறல் இல்லாதவை என்று இரண்டு போன்களை வைத்தாலும் ஒன்றுக்குக் கிடைக்கும் விலை மற்றதற்குக் கிடைப்பதில்லை. தேய்மானம் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறோம். தேய்மானம் ஒரு பங்குதான். மிச்சம், கண்ணுக்குத் தெரியாத பழுது இருக்குமோ என்ற சந்தேகத்துக்காகக் கழிக்கப்படுவது. பேரம் முழுக்க அந்தக் கழிவின் மேல்தான் நடக்கிறது என்பது என் வாதம்.

கடைக்காரரின் கையைக் கவனித்தால் இது விளங்கும். பவுச்சைக் கழற்றுகிறார். டெம்பர் கிளாஸின் ஓரத்தை நகத்தால் தூக்கி, அடியில் விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்து, திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு சரிபார்க்கிறார். ஏதாவது ஒரு ஆப்பின் ஐகானை விரலால் பிடித்துத் திரையின் மூலை முடுக்கெல்லாம் இழுக்கிறார்; நடுவில் பிடி நழுவினால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது. பிறகு வெள்ளைத் திரையில் கோடும் கறையும் தேடுகிறார். கடைசியாக, "காம்போ மாத்தியிருக்கா சார்?" என்று, டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த பாகத்தைப் பற்றிக் கேட்கிறார். போன் எவ்வளவு வேகமானது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் அவர் கேட்பதே இல்லை. மாடல் பெயரிலேயே அது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் தேடுவது அந்தப் போனின் கடந்த காலத்தை.

இதற்குப் பொருளாதாரத்தில் பெயர்பெற்ற விளக்கம் உண்டு. அமெரிக்கரான ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். கட்டுரை சொல்வது இது: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான ஒரு விலையைத்தான் சொல்வார். அந்த விலை கட்டாது என்று நல்ல பொருள் வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவதன் தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். இங்கும் அதுதான் நடக்கிறது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் நல்ல நிலையில் உள்ள பழைய போன் பெரும்பாலும் கடைக்கு வருவதில்லை. அம்மாவின் வாட்ஸ்அப்புக்கோ, கல்லூரி சேரும் தம்பி மகனுக்கோ போகிறது. அல்லது தெரிந்தவர் ஒருவர் கடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து எடுத்துக்கொள்கிறார். அவர் கூடுதலாகக் கொடுப்பது போனுக்காக இல்லை, அது யார் கையில் இருந்தது என்று தெரியும் என்பதற்காக.

வயதுதானே விலையை முடிவு செய்கிறது என்று கேட்கலாம். செய்கிறது, மறுக்கவில்லை. 2022 அக்டோபர் 1-ல் 5ஜி வந்ததும் 4ஜி மட்டும் உள்ள போன்கள் ஒரு படி இறங்கின. மென்பொருள் அப்டேட் நின்றுபோன போனில் நாளடைவில் வங்கி ஆப் ஓடாது. அதனால்தான் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது பழைய போன் சந்தைக்கும் முக்கியமான செய்தி. ஆனால் வயது இரு தரப்புக்கும் தெரிந்த விஷயம். அதில் பேரம் பேச எதுவுமில்லை. ஐபோன் விலை மெதுவாக இறங்குவதற்குப் பெயரும் மோகமும் காரணம் என்பார்கள். இன்னொன்றும் உண்டு: 2018 முதல் பேட்டரி ஹெல்த்தை அந்தப் போனே சதவீதத்தில் காட்டுகிறது. 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல், புதிய மாடல்களில் டிஸ்பிளே, பேட்டரி மாற்றியிருந்தால் அதையும் செட்டிங்ஸிலேயே சொல்லிவிடுகிறது. தன் குறையைத் தானே சொல்லும் போனுக்குச் சந்தேகக் கழிவு குறைவு.

இதெல்லாம் கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்குப் பூசும் சாயம் என்பது வலுவான ஆட்சேபம். ஆனாலும் அவர் பக்கத்தில் உண்மையான ஆபத்து இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்த போன், சில நாளில் யாரோ ஒருவர் கையில் கடைக்கு வரக்கூடும். தொலைந்த போனை எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாமல் முடக்கும் சஞ்சார் சாத்தி வசதி 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்தபின், முடக்கப்பட்ட போனை வாங்கியவருக்குப் போட்ட பணம் போச்சு. கே.ஒய்.எம். என்று டைப் செய்து ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் போனின் நிலை தெரியும். என்றாலும் இன்னும் புகார் கொடுக்கப்படாத திருட்டை அது காட்டாது. இதோடு, தீபாவளித் தள்ளுபடியில் புதுப் போனின் விலையே இறங்கினால் அவரிடம் உள்ள சரக்கின் விலையும் சேர்ந்தே இறங்கும். இவ்வளவும் சரி. ஆனால் பில் இல்லை என்று கழித்த தொகையை, அதே போனை விற்கும்போது வாங்குபவருக்கு அவர் கழித்துக் கொடுப்பதில்லை. போனின் பழுது விற்பவருக்குத் தெரியும், சந்தை நிலவரம் கடைக்காரருக்குத்தான் தெரியும். அவசரமாகப் பணம் தேவைப்படுபவர் இந்த இரண்டாவது அறியாமைக்கு விலை கொடுக்கிறார். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் அதில் பாதியாவது மிச்சம்.

பழைய போன் வாங்கும் ஆப்பில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வரும் விலையும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதுதான். அந்தப் பதில்கள் நாமே சொன்னவை; ஆள் வந்து போனைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தொகை மாறினால் வியக்க ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பதோ புதுப் போன் வாங்கினால் மட்டும் கிடைப்பது. புதுப் போனுக்கான தள்ளுபடி, பழைய போனின் பெயரில்.

கழிவைக் குறைக்க விற்பவர் கையில் இருப்பவை சாதாரணக் காகிதங்கள்: பில், ஐஎம்இஐ ஒட்டிய பெட்டி, டிஸ்பிளே மாற்றியிருந்தால் எங்கே மாற்றினோம் என்ற ரசீது. மாற்றியதை முதலிலேயே சொல்லிவிடுவது லாபம். டெம்பர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து அவரே கண்டுபிடித்தால், கண்டுபிடிக்காத இன்னும் நாலு பழுதுக்கும் சேர்த்தே கழிப்பார். கூகுள் கணக்கை எடுத்துவிட்டு, பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்ய வேண்டும். இல்லையென்றால், 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-ல் வந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு விழலாம்; பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அது திறக்காது. அந்தப் பூட்டோடு மேஜைக்கு வரும் போன் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அதற்கு உதிரிபாக விலைதான்.

(தொடரும்)