இடுப்பு வலி: கை காட்டும் இடம்

இடுப்பு வலி என்று வருபவர் எங்கே கை வைத்துக் காட்டுகிறார் என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். முதுகின் அடிப்பகுதியையோ பிட்டத்தையோ காட்டினால், கோளாறு பெரும்பாலும் முதுகெலும்பில் இருக்கும். பக்கவாட்டில் துருத்தும் எலும்பைத் தொட்டால் அங்கே ஒட்டியுள்ள தசைநாண்களில். தொடையிடுக்கில் வலித்தால்தான் இடுப்பு மூட்டையே சந்தேகிக்க வேண்டும். மூட்டு வலி சிலருக்கு முழங்காலில் தெரியும். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தே மாதங்கள் ஓடிவிடும்.

தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திக்குள் குனிந்து உப்பு வாருவது முதுகைப் பிடிக்கிறது. துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவருக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதே போதும். ஈர உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண்களின் பாடு வேறு. ஒற்றைக் காலில் நிற்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் விழும். நடை என்பதே கால் மாற்றி ஒற்றைக் காலில் நிற்பதுதான். தலைச்சுமையும் அந்தக் கணக்கில் பெருகிச் சேரும். பக்கவாட்டுத் தசைநாண் நொந்தால், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மூட்டுக் குருத்தெலும்பு தேய்வது வழக்கமான காரணம். சம்மணமிட முடியாமல் போவதும், கால் நகம் வெட்டக் குனியத் திணறுவதும் வலிக்கு முன்பே தெரியலாம்.

இந்தக் கடற்கரையில் கூடுதல் கவனம் கேட்பது இன்னொரு காரணம். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பது தொடர்கிறது. மூச்சடக்கி முங்கியவர்கள் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார்கள். கம்ப்ரசர் காற்றைக் குழாயில் சுவாசிப்பவர்களோ நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பிலும் கரையும். சட்டென்று மேலே ஏறினால் அது குமிழியாகி நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்தம் செல்லும் வழிகள் குறைவு. அடைபட்டால் எலும்பு செத்துப்போகும். வலி தலைகாட்ட மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம் என்பதால், கடலையும் வலியையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நாள்பட்ட மதுவும் ஸ்டீராய்டு மருந்தும் கடலில் இறங்காதவருக்கும் இதே கேட்டைச் செய்யும்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். எலும்புத் தலை அமுங்குமுன் கண்டால், அதில் துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சிகிச்சைக்கு இடமுண்டு. அமுங்கிவிட்டால் பலருக்குச் செயற்கை மூட்டுதான் வழி. எனவே தொடையிடுக்கு வலியோடு வரும் சங்குகுளித் தொழிலாளி, எத்தனை ஆண்டு, எந்த ஆழத்தில், கம்ப்ரசரோடு முங்கினார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்வது நல்லது.

தசைநாண், முதுகு வலிகள் பெரும்பாலும் சுமையைக் குறைப்பதிலும் பயிற்சியிலும் தணியும். காய்ச்சலோடு வரும் மூட்டு வலி, குழந்தை திடீரென நொண்டுவது, விழுந்த முதியவரின் கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருப்பது ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.