ஆறு பேர், 3,07,200 எண்கள்

மேட்லேப் சாஃப்ட்வேரில் 'கேட்லின்' என்றொரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. அதில் இருக்கும் ஆறு பேரும் 1964-ல் அமெரிக்காவின் கேட்லின்பர்க்கில் நடந்த மேட்ரிக்ஸ் கணக்கீட்டுக் கருத்தரங்கின் அமைப்பாளர்கள். கம்ப்யூட்டர் பல கணக்குகளில் கடைசி இலக்கங்களை ரவுண்ட் செய்துவிடும். அந்தச் சிறு பிழைகள் சேர்ந்து விடையை எவ்வளவு கெடுக்கும் என்று கண்டறிந்து சொன்ன வில்கின்சனும் அவர்களில் ஒருவர்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தப் படமே ஒரு மேட்ரிக்ஸ்! 480 நிரைகள், 640 நிரல்கள். (பிளஸ் டூவில் 'அணிகள்' என்று படித்தோமே, அதேதான்.)

உங்கள் வீட்டுப் போட்டோவும் அப்படித்தான். பெயிண்டில் திறந்து 800 சதவீதம் ஜூம் செய்யுங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும். கலர் படமென்றால் கட்டத்துக்கு மூன்று எண்கள். 'ஃப்ளிப் ஹாரிசாண்டல்' கொடுத்தால் கடைசி நிரல் முதலாவதாகிறது, முதல் நிரல் கடைசிக்குப் போகிறது. இடது கை வலது கையாவது இப்படித்தான்.