எந்த ஸ்பீக்கர் உசத்தி?

"விலை ஜாஸ்தின்னா சவுண்டும் சூப்பர்தான்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உயர்தர ஸ்பீக்கர்களுக்குள்ளேயே ஒன்றின் குணம் மற்றொன்றுக்குக் கிடையாது. மூன்று ரகங்களைப் பார்ப்போம்.

முதலாவது கூம்பு ரகம். ஆடி மாதத்தில் நம் கூடுவாஞ்சேரி அம்மன் கோயில் பாட்டு ரெண்டு தெரு தள்ளியும் கேட்கிறதே, ஏன்? இரு மின்சுற்றுகளைப் பொருத்தமாக இணைக்கும் டிரான்ஸ்பார்மர் போல, கூம்பு டயாபிரத்தையும் காற்றையும் இணைக்கிறது. அதனால் குறைந்த வாட்டிலேயே பெரிய சத்தம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதற்குக் கோயில் கூம்பின் வாய் போதாது; பேஸ் வராது. அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940களில் இதற்கு வழி கண்டார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் வீட்டு மூலையில் நிற்கும். இரு சுவர்களும் கூம்பின் நீட்சியாகிவிடும்! 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் என்பது நிறுவனத்தின் கணக்கு.

இரண்டாவது, மூடிய சின்னப் பெட்டி. பி.பி.சி. 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ இந்த ரகம். மனிதக் குரலை இயல்பாகக் காட்டுவதில் பேர் போனது. உணர்திறனோ 83 டெசிபல் அளவுதான். 3 டெசிபல் கூட்ட இரு மடங்கு வாட் வேண்டுமல்லவா? கிளிப்ஷ்ஹார்ன் 1 வாட்டில் தரும் சத்தத்துக்கு இதற்கு 100 வாட்டுக்கு மேல் தேவை. சின்ன வூஃபர் தாங்குமா?

மூன்றாவது, பெட்டியே இல்லாத மின்நிலை ரகம். 1957-இல் வந்த குவாட் இ.எஸ்.எல். இதற்கு உதாரணம். உயர் மின்னழுத்தத்தில் ஒரு மெல்லிய படலமே அதிர்கிறது. பெட்டியின் அதிர்வு கலக்காததால் குரல் தெளிவு அபாரம். அடி பேஸும் அதிக சத்தமும் எதிர்பார்க்கக் கூடாது.

சரி, ஒப்பிடுவது எப்படி? மிருதங்கத்தைப் போட்டுக் கேளுங்கள். அதன் வலந்தலையில் சுருதி சேர்ந்த மேல்சுரங்கள் எழுவதை சர் சி.வி. இராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார். அந்த நாதம் தெளிவாகக் கேட்டால் ட்வீட்டர் பக்கம் சரி. தொப்பியின் 'கும்' இழுபடாமல் நின்றால் வூஃபர் பக்கம் சரி.

இங்கே இரண்டு விஷயங்கள் காதை ஏமாற்றும். ஒன்று சத்தம். 1 டெசிபல் கூடினாலே "இதுதான் நல்லாருக்கு" என்று தோன்றும். ஆகவே மீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் நண்பரை விட்டு மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று அறை. 11 அடி நீள அறை சுமார் 51 ஹெர்ட்ஸில் தானே ஒத்ததிரும். ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன், சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். காலணா செலவில்லை!

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில், சேர்த்த பணத்தோடு ஒருவர் வந்து, "தம்பி, எதை வாங்கலாம்?" என்பார். விலைச்சீட்டைப் பார்த்துப் பதில் சொல்ல டிப்ளமோ எதற்கு? "உங்க ரூம் எவ்வளவு பெரிசு? என்ன பாட்டு கேப்பீங்க?" என்று முதலில் கேட்போம். அதற்குப் பிறகுதான் விலை!